இஞ்சியை எப்போது சட்டிக்குள் போடுவது?

போன மாதம் ஓர் இரவு, தம்பி முறையான ஒருவன் கோல் எடுத்தான். யாழ்ப்பாணத்திலிருந்து வேலைக்கு வந்து தெஹிவளையில் ஓர் அனெக்ஸில் தனியாக இருக்கிறான், கடைச் சாப்பாடு அலுத்துப்போய் இப்போதுதான் சமைக்கத் தொடங்கியிருக்கிறான். "அக்கா, கோழிக்கறிக்கு இஞ்சி எப்ப போடுறது? வெங்காயத்தோடயா, கடைசியிலயா?" என்று கேட்டான். பின்னால் எண்ணெய் பொரியும் சத்தம் வேறு. "வெங்காயம் வதங்கின பிறகு போடு" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அப்புறம் யோசித்துப் பார்த்தால் அது உண்மையிலேயே நல்ல கேள்வி. எவ்வளவு போடுவது என்று கேட்கிறவர்கள்தான் அதிகம், எப்போது என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் பச்சை இஞ்சியும், எண்ணெயில் வதங்கிய இஞ்சியும், காய்ந்து வேர்க்கொம்பாகிவிட்ட இஞ்சியும் ருசியில் மூன்று வேறு சாமான்கள். இதை ஒருமுறை பிடித்துக்கொண்டால், குறிப்பு இல்லாமலே எதற்கு எப்போது போடுவது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அவனுக்குச் சொல்ல நினைத்ததை இங்கே ஆறுதலாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே மெல்லிய வளையம் வளையமாகக் கோடுகள் தெரியும், அங்கங்கே ஒரு சின்ன முளை மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும். வேர் என்றுதான் எல்லோரும் சொல்கிறோம், உண்மையில் இது மண்ணுக்குள் படுத்து வளரும் தண்டு. அந்த வளையங்கள் கணுக்கள், கரும்பில் இருப்பது போலத்தான். வேர்கள் இதன் அடியிலிருந்து மெல்லிய நூல்களாகத் தனியே போகும், விற்பனைக்கு வருவதற்கு முன்பே அவற்றைக் கிள்ளி எடுத்துவிடுவார்கள். மஞ்சள், ஏலம், அரத்தை எல்லாம் இஞ்சியின் சொந்தக்காரர்கள், ஒரே குடும்பம்.

இஞ்சியில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அது காட்டில் தானாக வளர்ந்து யாரும் கண்டதில்லை. விதையும் அநேகமாகக் கட்டுவதில்லை. முளை உள்ள ஒரு துண்டை ஒடித்து நட்டால்தான் அடுத்த செடி. தென்கிழக்காசியத் தீவுகளில் இருந்த மக்கள் இதை முதலில் வீட்டுப் பயிராக்கினார்கள், பிறகு வள்ளங்களில் ஏற்றிக்கொண்டு போன இடமெல்லாம் நட்டார்கள் என்பதே ஆராய்ச்சியாளர்கள் பொதுவாக ஏற்கும் கதை. அப்படியென்றால் இன்று வெள்ளவத்தைச் சந்தையில் நாம் வாங்கும் துண்டு, ஆயிரக்கணக்கான வருடங்களாகக் கை மாறிக் கை மாறி ஒடித்து நட்ட ஒரு துண்டின் துண்டின் துண்டு.

பெயரும் அப்படித்தான் ஊர் ஊராகப் போயிருக்கிறது. தமிழிலும் மலையாளத்திலும் இஞ்சி, சிங்களத்தில் இங்குரு. பாளியில் சிங்கிவேர, சமஸ்கிருதத்தில் சிருங்கவேர, கிரேக்கத்தில் சிங்கிபெரிஸ், அங்கிருந்து லத்தீன் வழியாக ஆங்கிலத்து ஜிஞ்சர். இந்தச் சங்கிலியின் அடியில் இருப்பது இஞ்சி, வேர் என்ற இரண்டு திராவிடச் சொற்கள் என்று மொழியியலாளர் பலர் கருதுகிறார்கள். சமஸ்கிருதத்தில் சிருங்கம் என்றால் கொம்பு. யாழ்ப்பாணத்தில் சுக்கை நாம் வேர்க்கொம்பு என்கிறோம், அங்கேயும் கொம்பு வந்து உட்கார்ந்திருக்கிறது. உருவத்தைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும் போல. குர்ஆனில் சொர்க்கத்துப் பானத்தில் கலந்திருப்பதாக வரும் ஸன்ஜபீல் என்பதும் இதே இஞ்சிதான், இதே சங்கிலியில் வந்த சொல்தான்.

பட்டினப்பாலை சோழநாட்டு வயல்வெளியைச் சொல்லும்போது தெங்கு, வாழை, கமுகு, மஞ்சள், சேம்பு என்று அடுக்கிவிட்டு "முளை இஞ்சி" என்கிறது. இரண்டே சொல்லில் மேலே சொன்ன அந்த மூக்கை நீட்டும் முளை கண்ணுக்கு முன்னால் வந்துவிடுகிறது. அதே காலத்தை ஒட்டி ரோமாபுரியில் பிளினி என்பவர், இஞ்சி மிளகு மரத்தின் வேர் என்று சிலர் நினைப்பது தவறு என்று திருத்தி எழுதிவைத்தார். வாங்கித் தின்றுகொண்டிருந்தவர்களுக்கே அது என்ன சாமான், எங்கே விளைகிறது என்று சரியாகத் தெரியாத காலம் அது.

சரி, உறைப்புக்கு வருவோம். மிளகாய் உறைப்பும் மிளகு உறைப்பும் இஞ்சி உறைப்பும் வேறு வேறு இரசாயனப் பொருட்கள்தான், ஆனால் மூன்றும் ஒன்றுக்கொன்று சாயல் உள்ளவை, வாயில் சூட்டை உணரும் அதே வாங்கியைத்தான் மூன்றும் போய்த் தட்டுகின்றன. அதனால்தான் சூடே இல்லாத இஞ்சித் துண்டைக் கடித்தாலும் எரிகிறது. பச்சை இஞ்சியில் இந்த வேலையைச் செய்வதன் பெயர் ஜிஞ்சரோல். இஞ்சியைக் காய வைத்தால் ஜிஞ்சரோலில் ஒரு பங்கு நீரை இழந்து ஷோகவோல் ஆகிவிடுகிறது (ஷோகா என்றால் ஜப்பானிய மொழியில் இஞ்சி). அது ஜிஞ்சரோலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு உறைப்பு. வேர்க்கொம்பு தொண்டையின் அடியில் போய்ப் பிடிப்பது இதனால்தான். இஞ்சியைச் சமைத்தால் ஜிஞ்சரோலில் ஒரு பங்கு ஜிஞ்சரோன் ஆகும். அது மெல்லிய, கொஞ்சம் இனிப்பான வாசம் உள்ளது, உறைப்பு குறைவு. ஒரே கிழங்குக்கு மூன்று ருசி என்று தொடக்கத்தில் சொன்னதற்குக் காரணம் இவ்வளவுதான்.

இதோடு வாசம் தனி. பச்சை இஞ்சியை நறுக்கும்போது தேசிக்காய் போல ஒரு மணம் மூக்கில் ஏறுகிறதே, அது ஆவியாகிப் போகும் எண்ணெய்களின் மணம். நல்ல சூட்டில் கொஞ்ச நேரம் வைத்தாலே பெரும்பாலும் பறந்துவிடும். குசினி முழுக்க இஞ்சி மணக்கிறது என்றால் சட்டியில் இருக்கவேண்டியது காற்றில் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இப்போது தம்பியின் கோழிக்கறிக்குத் திரும்புவோம். வெங்காயம் பொன்னிறமாகத் தொடங்கியதும் இடித்த இஞ்சியையும் உள்ளியையும் போட்டு, பச்சை வாசம் போகும்வரை ஒன்று இரண்டு நிமிடம் கிளறினால் போதும். வெங்காயத்துக்கு முன்னால் போட்டால் இஞ்சி சட்டியின் அடியில் பிடித்துக் கருகும், கருகிய இஞ்சி கசக்கும், அந்தக் கசப்பை எவ்வளவு தேங்காய்ப்பால் ஊற்றினாலும் மறைக்க முடியாது. இப்படி வதக்கிய இஞ்சி கறிக்கு ஓர் அடித்தளமாக இருக்கும். சாப்பிடும்போது இது இஞ்சி என்று தனியாகத் தெரியாது, போடாவிட்டால் மட்டும் ஏதோ குறைகிறது என்று தெரியும். நான் இன்னொன்றும் செய்வேன். அரைக் கிலோ கோழிக்கு ஓர் அங்குலத் துண்டு என்றால், அதில் கால்வாசியைப் பிரித்து வைத்து, கறி இறக்கப்போகும் நேரம் மெல்லிய தும்பாக நறுக்கித் தூவி மூடிவிடுவேன். முதலில் போட்டது ருசிக்கு, கடைசியில் போட்டது வாசத்துக்கு. இந்த ஒரு பழக்கம் என் கறியை மாற்றிய அளவுக்கு எந்த மசாலாத்தூளும் மாற்றவில்லை.

இடிப்பதா, துருவுவதா, நறுக்குவதா என்பதும் சின்ன விஷயம் இல்லை. முற்றிய இஞ்சியில் நார் நீளவாக்கில் ஓடும். அந்தப் போக்கிலேயே நறுக்கினால் வாயில் நார் நாராக அகப்படும், குறுக்கே வட்டமாக நறுக்கிவிட்டுப் பிறகு தும்பாக்கினால் நார் எல்லாம் துண்டாகிவிடும். அம்மம்மா அம்மியின் ஓரத்தில் குழவியை வைத்து ஒரே தட்டுத் தட்டுவார், துண்டு பிளந்து சாறு வெளியே வரும், நார் முழுதாக நிற்கும். அதை அப்படியே தேத்தண்ணியில் போட்டால் வடிக்கும்போது நார் வடியில் நின்றுவிடும். அனெக்ஸில் அம்மி இல்லை என்றால் கத்தியின் அகலப் பக்கத்தால் அழுத்துங்கள், அல்லது சின்ன உரலில் இரண்டு குத்து, அவ்வளவுதான். தோலைச் சீவக் கத்தி வேண்டாம், தேக்கரண்டியின் விளிம்பால் சுரண்டினால் இடுக்குகளிலும் போகும், சதையும் வீணாகாது. வைத்தியத்தில் சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு என்று ஒரு சொல் இருப்பதால் நம் வீடுகளில் தோலைக் கட்டாயம் எடுப்பார்கள். சமையலைப் பொறுத்தவரை இளம் இஞ்சி என்றால் நன்றாகக் கழுவினால் போதும், முற்றியது என்றால் மண்ணும் மரக்கட்டை ருசியும் தோலில்தான் இருக்கும் என்பதால் எடுப்பதே நல்லது.

பச்சையாகவே இஞ்சியை முன்னுக்கு நிறுத்தும் சாப்பாடு என்றால் எனக்கு இஞ்சிச் சம்பல்தான். ஒரு கைப்பிடி தேங்காய்ப்பூ, இரண்டு பச்சை மிளகாய், ஒன்றரை அங்குல இஞ்சி, நான்கைந்து சின்ன வெங்காயம், உப்பு. முதலில் இஞ்சியையும் மிளகாயையும் உப்போடு மைபோல அரைத்துவிட்டு, பிறகு தேங்காய்ப்பூவைச் சேர்த்து ஒரு சுற்று, கடைசியில் வெங்காயத்தை நசுக்கும் அளவுக்கு மட்டும். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அரைத்தால் தேங்காய் கூழாகிவிடும், இஞ்சி நாராகவே நிற்கும். தேசிக்காய்ப் புளி கடைசியில், கையால் பிசைந்துவிட்டு. தோசையோடும் இடியப்பத்தோடும் இதைச் சாப்பிட்டவர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. மோருக்குள் நசுக்கிப் போடும் இஞ்சியும் இதே வகைதான், சூடே படாதது.

இனிப் பால். இதில் நான் ஒரு முறை பிழை செய்தேன், நீங்கள் செய்யவேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். கொழும்புக்கு வந்த புதிதில், மழை நாளில் இஞ்சித் தேத்தண்ணி போடலாம் என்று பசும்பாலை அடுப்பில் வைத்து, அது இளஞ்சூடாக இருக்கும்போதே நிறைய இஞ்சியைத் துருவிப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் பால் திரைந்து தனித்தனியாகிவிட்டது. பால் பழசு என்று நினைத்துக் கடையில் போய்ச் சண்டையும் பிடித்தேன். பால் பிழை இல்லை. பச்சை இஞ்சியில் ஜிஞ்சிபெயின் என்று ஒரு நொதியம் இருக்கிறது, அது புரதத்தை வெட்டும். 60 பாகை செல்சியஸ் சூட்டில் அது மும்முரமாக வேலை செய்யும், கொதிக்கும் சூட்டில் செத்துவிடும். நான் இஞ்சியைப் போட்டது சரியாக அதற்குப் பிடித்த சூட்டில். ஆகவே இஞ்சியை முதலில் தண்ணீரில் போட்டு இரண்டு மூன்று நிமிடம் நன்றாகக் கொதிக்க விடுங்கள், தேயிலையைப் போடுங்கள், பாலைக் கடைசியில் சேருங்கள். திரையாது. சீனாவின் குவாங்டொங் பகுதியில் இதே திரைதலையே ஒரு பலகாரமாக்கி வைத்திருக்கிறார்கள். கோப்பையில் இஞ்சிச் சாறு, அதன் மேல் சீனி போட்ட சூடான பால், கலக்காமல் விட்டால் சில நிமிடத்தில் தயிர் போல உறைந்து நிற்கும். ஒரு தடவை செய்து பார்த்தேன், நம் வட்டிலப்பத்துக்குப் பழகிய நாக்குக்கும் பிடிக்கிறது.

இதே நொதியம்தான் இறைச்சியை மெதுவாக்குவதும். மாட்டிறைச்சியோ முற்றின ஆட்டிறைச்சியோ என்றால் பச்சை இஞ்சிச் சாறு, உப்பு, கொஞ்சம் மிளகு சேர்த்துப் பிசைந்து ஒரு மணித்தியாலம் வைத்துவிட்டுச் சமைத்துப் பாருங்கள். இரவு முழுக்க வைக்காதீர்கள், வெளிப்பக்கம் மாவு போலாகிவிடும். கோழிக்கு அரை மணித்தியாலமே தாராளம். கடையில் போத்தலில் வரும் இஞ்சி உள்ளி விழுதில் இந்த வேலையை எதிர்பார்க்கவேண்டாம், சூடு காட்டி அடைத்திருந்தால் நொதியம் செத்திருக்கும், வாசமும் பாதிதான் இருக்கும். நான் வாரத்துக்கு ஒருமுறை சின்னப் போத்தல் அளவுக்கு அரைத்து, மேலே ஒரு மெல்லிய படை எண்ணெய் ஊற்றி ஃபிரிட்ஜில் வைப்பேன், ஒரு பங்கு இஞ்சிக்கு இரண்டு பங்கு உள்ளி. அது சில நேரம் பச்சை நிறமாகும். பயப்படாதீர்கள், உள்ளியில் நடக்கும் ஒரு மாற்றம் அது. மணம் சரியாக இருந்தால் போடலாம்.

வேர்க்கொம்பு வேறு உலகம். பச்சை இஞ்சியில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர், அதனால் 5 கிலோ பச்சை இஞ்சி காய்ந்தால் ஏறக்குறைய 1 கிலோதான் வரும். இஞ்சி இல்லையே என்று அதே அளவு வேர்க்கொம்புத் தூளைக் கறிக்குள் கொட்டினால் தொண்டை பிடித்துக்கொள்ளும். ஒரு மேசைக்கரண்டி துருவிய இஞ்சிக்குக் கால் தேக்கரண்டித் தூள் போதும், அப்போதும் ருசி அதுவாக இராது. வேர்க்கொம்புக்குரிய இடத்தில் அதைப் போடுங்கள். தடிமன் பிடித்தால் மல்லித்தண்ணி இல்லாத வீடு இந்த ஊரில் இல்லை, தமிழ், சிங்களம், முஸ்லிம் என்று பேதம் கிடையாது. வறுத்த மல்லி இரண்டு மேசைக்கரண்டி, தட்டின வேர்க்கொம்பு ஒரு சின்னத் துண்டு, நாலு மிளகு, மூன்று கோப்பைத் தண்ணீர், அது இரண்டு கோப்பையாக வற்றும்வரை மெல்லிய சூட்டில். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கவேண்டும். பிள்ளை பெற்ற வீட்டில் வைக்கும் சரக்குக் கறியிலும் மல்லி, மிளகு, சீரகம், மஞ்சளோடு வேர்க்கொம்பு சேரும், கோப்பிக் கொட்டையோடு சேர்த்து இடிக்கும் வீடுகளும் உண்டு. சித்த வைத்தியத்தில் சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்ததுதான் திரிகடுகு. சத்தி வருகிற மாதிரி இருந்தால் இஞ்சி கைகொடுக்கும் என்பதற்கு மருத்துவ ஆய்வுகளிலும் ஆதாரம் இருக்கிறது. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் மட்டும் மருந்து அளவுக்கு இஞ்சி எடுப்பதற்கு முன் வைத்தியரைக் கேளுங்கள், கறிக்குப் போடும் அளவுக்குப் பிரச்சினை இல்லை.

சீனியோடு இஞ்சி சேரும் இடங்களையும் சொல்லவேண்டும், கொழும்பில் அது தனி ருசி. நத்தார் கேக்குக்குள் போகும் இஞ்சி தோசி, பாணியில் ஊறிய மெதுமெதுப்பான துண்டுகள். மலே அச்சாறில் வினாகிரி, கடுகு, பேரீச்சம்பழத்தோடு இஞ்சியும் அரைபட்டுச் சேரும், புரியாணிக்குப் பக்கத்தில் அது இல்லாவிட்டால் எனக்குச் சாப்பிட்ட மாதிரி இருக்காது. பிறகு எலிபன்ட் ஹவுஸ் ஜிஞ்சர் பியர், ஈஜிபி என்றுதான் எல்லோரும் கேட்போம். பெயரில் பியர் இருந்தாலும் சோடாதான், சின்னப் பிள்ளைகளும் குடிக்கலாம்.

வாங்கும்போது எதைப் பார்ப்பது? இலங்கையில் நாட்டு இஞ்சி, சீன இஞ்சி, ரங்கூன் இஞ்சி என்று மூன்று வகை பயிராகிறது, குருநாகல், கம்பஹா, கேகாலை, கண்டிப் பக்கங்களில்தான் அதிகம். நாட்டு இஞ்சி சின்னது, விரல் விரலாக இருக்கும், நார் கூட, உறைப்பும் வாசமும் கூட. சீன இஞ்சி உள்ளங்கை அளவுக்குப் பருத்து, தோல் வழவழவென்று, சீவுவதற்கு வசதியாக இருக்கும், ஆனால் தண்ணீர்ப்பிடி. புதிதாக வாங்குகிறவர்கள் கை தானாகவே பெரியதற்குத்தான் போகும். என்னைக் கேட்டால் தேத்தண்ணிக்கும் கறிக்கும் நாட்டு இஞ்சியே எடுங்கள், பாதி போட்டால் போதும். சம்பலுக்கும் தும்பாக நறுக்கித் தூவுவதற்கும் பெரிய இஞ்சி பரவாயில்லை. ஒரு நுனியை ஒடித்துப் பார்த்தால் டக்கென்று முறியவேண்டும், வளைந்தால் பழசு. தோல் சுருங்கியிருந்தாலும் கணுவில் வெள்ளைப் பூஞ்சணம் இருந்தாலும் விட்டுவிடுங்கள். முளை இருந்தால் ஒதுக்கவேண்டாம், உருளைக்கிழங்கு முளையைப் போல அது கெடுதலானது இல்லை.

கொழும்பு ஈரக்காற்றில் மேசையில் கிடந்தால் ஒரு வாரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். கழுவாமல் கடுதாசியில் சுற்றி ஃபிரிட்ஜின் மரக்கறித் தட்டில் வைத்தால் மூன்று வாரம் நிற்கும். நறுக்கிய முகத்தைக் காற்றில் விடாதீர்கள். விலை இறங்கியிருக்கும்போது கூட வாங்கினால் துண்டுகளைப் பிரீசரில் போட்டு, தேவைப்படும்போது உறைந்தபடியே துருவலாம், நாரும் தெரியாது. ஊரில் மணலுக்குள் புதைத்து வைப்பார்கள், அதுவும் நல்ல முறை, ஆனால் மழைக்காலத்தில் முளைத்துவிடும்.

முளைத்துவிட்டால் எறியாதீர்கள். என் பல்கனியில் ஒரு பழைய பெயின்ற் வாளி இருக்கிறது, அடியில் நான்கு துளை, பாதி மண், பாதி தும்புத்தூள். இரண்டு முளை உள்ள துண்டை முளை மேலே பார்க்க இரண்டு அங்குல ஆழத்தில் வைத்தேன், கடும் வெயில் படாத பக்கம். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும் என்பதை மட்டும் கவனித்துக்கொண்டேன். மூங்கில் கன்று மாதிரி மெல்லிய தண்டுகள் வந்தன, இலையைக் கசக்கினால் அதிலும் இஞ்சி மணம். எட்டு, ஒன்பது மாதத்தில் இலை மஞ்சளாகிச் சாயும், அப்போது வாளியைக் கவிழ்த்துக் கொட்டவேண்டியதுதான். முழுவதற்கும் பொறுக்க முடியாவிட்டால் ஐந்தாம் மாதத்திலேயே ஓரத்தில் விரலை விட்டு மண்ணை விலக்கி ஒரு துண்டை ஒடித்துக்கொள்ளலாம், தோல் இளஞ்சிவப்பாக, நாரே இல்லாமல் இருக்கும். தெஹிவளைக்காரனுக்கு அதில் ஒரு முளைத் துண்டு எடுத்து வைத்திருக்கிறேன், இந்தச் சனிக்கிழமை வருகிறானாம்.